பிளஸ் டூ முடித்து இன்ஜினியரிங் கலந்தாய்வுக்குப் போகிறீர்களா? சான்றிதழில் இருந்து சேர்க்கை வரை, செய்ய வேண்டிய வரிசையில்

சில வருடங்களாக மே முதல் ஆகஸ்ட் வரை எங்கள் பள்ளிக் கணினி அறையில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளோடு உட்கார்ந்து டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறேன். மார்க் குறைந்ததால் நல்ல கல்லூரியை விட்டவர்களும் உண்டு. ஆனால் மார்க் இருந்தும், செய்ய வேண்டியதை வரிசை மாற்றிச் செய்ததால் விட்டவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன், அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். இது தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்கான வழிகாட்டி. முதல்முறையாக வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகிற பிள்ளையையும், அந்தப் பிள்ளைக்கு உதவ உட்காரும் அக்கா, மாமா, டீச்சரையும் நினைத்து எழுதியது. தேதிகளும் கட்டணங்களும் வருடாவருடம் மாறும் என்பதால் அந்த வருடத்துத் தகவல் கையேட்டை டிஎன்இஏ இணையதளத்தில் இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. ரிசல்ட் வரும் முன்பே சான்றிதழ்கள் கையில் இருக்க வேண்டும்

எல்லாரும் ரிசல்ட் வந்த பிறகுதான் இ-சேவை மையத்துக்கு ஓடுகிறார்கள். அந்த வாரம் மாவட்டம் முழுக்க அதே ஓட்டம்தான். விண்ணப்பம் மையத்தில் போட்டவுடன் சான்றிதழ் வந்துவிடாது, விஏஓ, ஆர்ஐ, அப்புறம் தாசில்தார் அலுவலகம் என்று மேசை மேசையாக ஏற வேண்டும். ஒரு மேசையில் ஆள் லீவு என்றால் அங்கேயே நிற்கும். அதனால் கடைசிப் பரீட்சை எழுதிய மறுவாரமே இதை ஆரம்பித்துவிடுங்கள்.

முதலில் சாதிச் சான்றிதழ். பழைய அட்டை இருந்தாலும் எழுத்து தெளிவாகத் தெரிகிறதா, பெயர் சரியா என்று பாருங்கள். எஸ்டி சான்றிதழ் இல்லாதவர்கள் இன்னும் முன்னாடியே தொடங்க வேண்டும், ஏனென்றால் அது கோட்டாட்சியர் வரை போய் வர வேண்டும். அடுத்து வருமானச் சான்றிதழ், உதவித்தொகைக்கும் கல்விக் கடனுக்கும் கேட்பார்கள். எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்றிதழ் தேவைப்படாது. இடையில் பெங்களூரிலோ மும்பையிலோ ஒரு வருடம் படித்திருந்தாலும் அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பட்டதாரி சான்றிதழைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, கூடப்பிறந்தவர்கள் யாரும் பட்டம் பெறாத வீட்டுக்குத்தான் அது. குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இந்தக் கல்விக் கட்டணச் சலுகை, அண்ணன் ஏற்கெனவே வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது. வீட்டில் ஒவ்வொருவரும் எதுவரை படித்தார்கள் என்பதற்குச் சான்று கேட்பார்கள், தாத்தாவின் டிசியை யாரும் பத்திரமாக வைத்திருப்பதில்லை, இங்கேதான் நாள் போகும். இன்னொன்று, இந்தச் சலுகை கலந்தாய்வில் எடுக்கும் இடத்துக்கு மட்டும்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் போய்ச் சேர்ந்துவிட்டு இந்தச் சான்றிதழை நீட்டினால் பயன் இல்லை.

2. பெயரும் இனிஷியலும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா

மேசை மேல் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக் நான்கையும் வரிசையாக வையுங்கள். பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஒரு மாணவிக்கு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பெயருக்கு முன்னால், ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுதாக, சாதிச் சான்றிதழிலோ அப்பா பெயரில் ஓர் எழுத்தே குறைவு. அவர் அப்பா நான்கு தாளையும் சட்டைப்பையில் நான்காக மடித்து வைத்திருந்தார், மடிப்பு விழுந்த இடத்தில் அந்த எழுத்து இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சரிசெய்ய இரண்டு வாரம் ஆனது. ஏப்ரலில் பார்த்ததால் அந்த இரண்டு வாரம் இருந்தது.

பத்தாம் வகுப்புப் பட்டியலில் உள்ளதுதான் அடிப்படை, மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) பதிவிலும் பெயர், பிறந்த தேதி, எந்த வருடம் எந்தப் பள்ளி என்பதை வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பார்த்துவிடுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பில் இருந்து படித்த விவரம் கேட்கப்படும், அப்போது பழைய பள்ளியைத் தேடி அலையக் கூடாது.

3. கட் ஆஃப் கணக்கை நீங்களே போடுங்கள்

கணிதம் 100-க்கு அப்படியே. இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. மொத்தம் 200. கணிதத்தில் 86, இயற்பியலில் 78, வேதியியலில் 91 எடுத்தவருக்கு 86 + 39 + 45.5, ஆக 170.5.

இன்னொருவர் கணிதம் 92, இயற்பியல் 70, வேதியியல் 87 என்று வைத்துக்கொள்வோம். 92 + 35 + 43.5, அவருக்கும் 170.5தான். ஆனால் ரேங்க் ஒன்றாக வராது. கட் ஆஃப் சமமானால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், அதனால் இரண்டாமவர் முன்னால் போவார். கணிதமும் சமமானால் இயற்பியல், பிறகு அடுத்தடுத்த விதிகள், எல்லாம் சமமானால் பிறந்த தேதி, கடைசியில் ரேண்டம் எண், அதாவது விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி தரும் எண். பலர் ரேண்டம் எண் வந்த அன்றே அது சின்ன எண்ணா பெரிய எண்ணா என்று கவலைப்படுகிறார்கள். அது வேலைக்கு வருவது அவ்வளவு சமமும் தாண்டிய பிறகுதான். விட்டுவிடுங்கள்.

விண்ணப்பிக்கவே மூன்று பாடங்களின் சராசரி பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், மற்ற பிரிவுகளுக்கு 40 சதவீதம் வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. உங்களுக்கு எத்தனை வாசல் திறந்திருக்கிறது என்று எழுதுங்கள்

ஒரு தாளில் எழுதச் சொல்வேன். ஏனென்றால் விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை டிக் செய்யாமல் விட்டால் அந்த வாசல் அந்த வருடத்துக்கு மூடிவிடும்.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் இதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளி அடங்காது, இதில் ஏமாந்து போகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. இவர்கள் பொதுக் கலந்தாய்விலும் கலந்துகொள்ளலாம், ஆனால் எந்தப் பட்டியலின் வழியாக இடத்தை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கட்டண விஷயம் மாறும் என்பதால், உறுதி செய்யும் முன் உதவி மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

விளையாட்டு வீரர், மாற்றுத்திறனாளி, முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்குச் சிறப்புப் பிரிவு, அதன் கலந்தாய்வு பொதுவானதற்கு முன்பே நடந்துவிடும். மண்டல அளவில் கபடி விளையாடிய பையன் ஒருவன், சான்றிதழை வீட்டுச் சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தும், விண்ணப்பத்தில் விளையாட்டுப் பிரிவைக் குறிக்கவே இல்லை. அந்தச் சான்றிதழ் எந்த அளவுக்குச் செல்லும் என்பதை அதிகாரிகள் முடிவு செய்யட்டும். குறிப்பது உங்கள் வேலை.

அப்புறம், இன்ஜினியரிங் ஒன்றை மட்டும் நம்பி உட்காராதீர்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்குத் தனி விண்ணப்பம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குத் தனி, கால்நடை மருத்துவத்துக்குத் தனி, சட்டத்துக்குத் தனி. எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் திறந்து மூடும். உயிரியலும் கணிதமும் சேர்ந்த குரூப் எடுத்தவர்கள் இரண்டு மூன்று விண்ணப்பமாவது போட்டு வையுங்கள், கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பத்துக்கு ஆகும் செலவு ஒரு சாப்பாட்டுக் காசுதான்.

5. பதிவு செய்யும் நாள்

பதிவுக்கு முன் இரண்டு விஷயம் வேண்டும். மாணவர் பெயரில் ஒரு மின்னஞ்சல், மூன்று நான்கு மாதத்துக்கு மாறாத ஒரு மொபைல் எண். இது சின்ன விஷயமாகத் தெரியும். பிரவுசிங் சென்டரில் போடுகிறவர்கள் கடைக்காரரின் மின்னஞ்சலையே கொடுத்துவிடுவார்கள், ஜூலையில் கடவுச்சொல் மறந்தால் அந்தக் கடையைத் தேடிப் போக வேண்டும். அப்பாவின் எண்ணைக் கொடுத்திருப்பார்கள், ஓடிபி வரும் நேரத்தில் அப்பா லோடு ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி தாண்டிப் போய்க்கொண்டிருப்பார். எண் மாணவர் கையிலேயே இருக்கும் போனுடையதாக இருக்கட்டும். கடவுச்சொல்லை நோட்டில் எழுதுங்கள்.

வீட்டில் கணினி இல்லை என்றால் உங்கள் மாவட்டத்து டிஎஃப்சிக்கு, அதாவது டிஎன்இஏ உதவி மையத்துக்குப் போகலாம், விண்ணப்பம் போட உதவுவதுதான் அவர்கள் வேலை, பணம் கேட்க மாட்டார்கள். பதிவுக் கட்டணம் மட்டும் உண்டு, எஸ்சி, எஸ்சிஏ (அருந்ததியர்), எஸ்டி பிரிவினருக்குப் பாதி.

பதிவு முடிந்ததும் முழு விண்ணப்பத்தையும் பிடிஎஃப்பாக இறக்கி, அச்செடுத்து, மாணவர் படிக்க இன்னொருவர் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். டைப் செய்தவரே சரிபார்த்தால் அவர் கண்ணுக்குத் தப்பு தெரியாது. சாதிப் பிரிவு, முதல் பட்டதாரி, 7.5 சதவீதம், சிறப்புப் பிரிவு ஆகிய நான்கு இடங்களில் விரல் வைத்துப் பாருங்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் ஏதாவது நிராகரிக்கப்பட்டால் தளத்தில் தெரியும், ஆனால் யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள், மூன்று நாளைக்கு ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

6. ரேங்க் பட்டியல் வந்த அன்று

இரண்டு எண் வரும், பொது ரேங்க், சமுதாய ரேங்க். இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். மதிப்பெண்ணோ சாதிப் பிரிவோ தவறாக இருந்தால் முறையிடச் சில நாள்தான் அவகாசம், அன்றே டிஎஃப்சிக்குப் போங்கள். மறுகூட்டலில் மார்க் மாறியவர்கள் கட் ஆஃப் மாறியிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இடங்கள் பொதுப் போட்டி 31, பிசி 26.5, பிசி முஸ்லிம் 3.5, எம்பிசி 20, எஸ்சி 15, எஸ்சிஏ 3, எஸ்டி 1 சதவீதம் என்று பிரிகின்றன. பொதுப் போட்டி இடம் எல்லாருக்கும் உரியது, பிசி மாணவி ஒருத்தியின் ரேங்குக்கு அது எட்டினால் அதில் எடுக்கலாம், எட்டாவிட்டால் பிசி இடத்தில் எடுக்கலாம். அதனால் சமுதாய ரேங்கைத்தான் போன வருடத்தோடு ஒப்பிட வேண்டும்.

இங்கே ஒரு பெரிய தவறு நடக்கிறது. போன வருடம் அந்தக் கல்லூரி 168 கட் ஆஃபில் முடிந்தது, எனக்கு 170.5 இருக்கிறது, கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். கணிதத் தாள் எளிதாக இருந்த வருடத்தில் அதே 170.5 ஆயிரக்கணக்கில் பின்னால் தள்ளப்படும். மார்க் வருடத்துக்கு வருடம் வீங்கும், சுருங்கும். ரேங்க் அவ்வளவு ஆடாது. போன வருடம் அந்தக் கல்லூரியில் அந்தப் பாடப் பிரிவில் உங்கள் சமுதாயத்தில் கடைசி இடம் எந்த ரேங்கில் போனது என்று பாருங்கள், அந்தத் தகவல் டிஎன்இஏ தளத்திலேயே கிடைக்கும்.

7. கல்லூரிகளைப் பற்றி விசாரித்து நோட்டில் எழுதுவது

கலந்தாய்வில் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. இவ்வளவையும் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் ரேங்குக்கு மேலும் கீழும் வருகிற கல்லூரிகளை எடுங்கள், தூரமும் காசும் ஒத்துவராதவற்றை அடியுங்கள், மிச்சம் நாற்பது ஐம்பது நிற்கும். ஒரு லாங் சைஸ் நோட்டில் வரிக்கு ஒன்றாகக் கல்லூரி எண், பெயர், பிரிவு எண், போன வருட ரேங்க் என்று எழுதுங்கள். இந்த வேலையை ரேங்க் வந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது, ஜூன் மாதமே பாதி முடித்துவைத்து ரேங்க் வந்ததும் வடிகட்டுங்கள்.

விசாரிக்கும்போது என் வரிசை இது. முதலில் கட்டணம், அதுவும் முழுக் கட்டணம். கல்விக் கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பேருந்துக் கட்டணம், விடுதி, தேர்வுக் கட்டணம், "பிளேஸ்மென்ட் டிரெயினிங்" என்று தனியாக வாங்குவதைப் பார்க்காமல் போனால் இரண்டாம் செமஸ்டரில் வீடு திணறும். அரசு பொறியியல் கல்லூரிகள், அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்கள், அரசு உதவி பெறும் கல்லூரிகளின் உதவி பெறும் இடங்கள், இவற்றின் கட்டணம் சுயநிதியோடு ஒப்பிட மிகக் குறைவு. கோவை ஜிசிடி, சேலம், பர்கூர், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரிகளைத் தூரம் என்று கேட்ட உடனே அடிக்காதீர்கள். நான்கு வருட விடுதியும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வீட்டுப் பக்கத்துச் சுயநிதிக் கல்லூரியைவிடக் குறைவாக வரலாம்.

அடுத்து தேர்ச்சி விகிதம். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே கேள்வித்தாள் தயாரித்துத் திருத்துவதால் அவற்றின் எண்ணை இதோடு ஒப்பிட முடியாது. பாடப் பிரிவின் தரத்துக்குத் தரும் என்பிஏ (NBA) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரி முழுமைக்கும் நாக் (NAAC) தரச் சான்று இருப்பது வேறு, நீங்கள் படிக்கப்போகிற பிரிவுக்கு என்பிஏ இருப்பது வேறு.

பிறகு இடங்களின் எண்ணிக்கை. நன்றாக நடக்கிற கல்லூரிகள் ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் வைக்கலாம் என்றிருந்த உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய அமைப்பான ஏஐசிடிஇ 2024-25 முதல் எடுத்துவிட்டது. அதனால் கம்ப்யூட்டர் சயின்ஸில் மட்டும் இடங்களைப் பெருக்கிக்கொண்ட கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே கேட்க வேண்டியது எத்தனை ஆசிரியர்கள், எத்தனை லேப் என்பதுதான். வேலைவாய்ப்பைக் கேட்கும்போதும் "அதிகபட்சச் சம்பளம் எவ்வளவு" என்று கேட்காதீர்கள், அது ஒரே ஒரு மாணவருடையது. போன வருடம் அந்தப் பிரிவில் எத்தனை பேர் வேலைக்குப் பதிவு செய்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, நடுவில் நிற்கிற மாணவரின் சம்பளம் எவ்வளவு?

முடிந்தால் வேலை நாளில் நேரில் போங்கள். ஒரு மாணவனோடும் அவன் அப்பாவோடும் நான் ஒரு கல்லூரிக்குப் போனேன். வரவேற்பறையில் ஏசி, சுவர் முழுக்கக் கம்பெனிகளின் படம், ஜூஸ் கொடுத்தார்கள். ஒர்க் ஷாப்பைப் பார்க்கலாமா என்று கேட்டதற்குச் சாவி வர இருபது நிமிடம் ஆனது. உள்ளே லேத்தின் மேல் போட்டிருந்த பாலித்தீன் உறையில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. அந்த அப்பா டிவிஎஸ் ஷோரூமில் மெக்கானிக். எதுவும் பேசவில்லை, உறையைத் தூக்கி, லேத்தில் சுழல்கிற "சக்" பாகத்தைக் கையால் ஒருமுறை சுற்றிப் பார்த்தார், அது இறுகிப்போய் நின்றது. "சரி சார், போகலாம்" என்றார். அந்தக் கல்லூரி நோட்டில் இருந்து போய்விட்டது. சாயங்காலம் நான்கு மணிக்குக் கல்லூரி வாசல் டீக்கடையில் இரண்டாம் வருடப் பிள்ளைகளிடம் பத்து நிமிடம் பேசினால் எந்த விளம்பரத்திலும் இல்லாத விஷயம் கிடைக்கும்.

கல்லூரியா, பிரிவா என்று எல்லாரும் கேட்பார்கள். என் கருத்து இது: நடுத்தர ரேங்கில் இருக்கிற பிள்ளைக்கு, பெயரே தெரியாத கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸைவிட, நல்ல பழைய கல்லூரியில் எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் மேல். நல்ல கல்லூரியில் இருந்துகொண்டு கோடிங் கற்றுக்கொள்ள முடியும். ஆசிரியரே இல்லாத கல்லூரியில் எந்தப் பிரிவில் உட்கார்ந்தும் ஒன்றும் கற்க முடியாது. ஆனால் மெஷின் என்றாலே பிடிக்காத பிள்ளையை மெக்கானிக்கலில் தள்ளாதீர்கள், நான்கு வருடம் அந்தப் பிள்ளைதான் உட்கார வேண்டும்.

8. விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்துவது

சேர விரும்பும் கல்லூரியையும் பாடப் பிரிவையும் வரிசையாகத் தளத்தில் பதிவதுதான் விருப்பப் பட்டியல். இதுதான் முக்கியமான படி, இதில் செய்கிற தவறைப் பிறகு திருத்தவே முடியாது.

கணினி எப்படி இடம் கொடுக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுக்கும். உங்கள் முறை வந்ததும் உங்கள் பட்டியலின் முதல் வரியில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் இரண்டாவது, மூன்றாவது என்று இறங்கி, இடம் இருக்கிற முதல் வரியைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். எட்டாத கல்லூரியை மேலே வைத்ததால் கீழே உள்ளது உங்கள் கையைவிட்டுப் போவதில்லை. அந்த வரியைத் தாண்டி இறங்கும், அவ்வளவுதான்.

இது புரியாமல் ஒரு மாணவன் "கிடைக்கும்" என்று நினைத்த வரிசையில் போட்டான். வீட்டில் இருந்து பன்னிரண்டு கிலோமீட்டரில் இருந்த கல்லூரி முதல் வரியில், அவன் உண்மையில் ஆசைப்பட்ட அரசுக் கல்லூரி இரண்டாம் வரியில். முதல் வரியே கிடைத்தது. அரசுக் கல்லூரியில் அந்தப் பிரிவு அவனுக்குப் பின்னால் இருந்தவனுக்குப் போனது. மேல்நோக்கி நகரலாமா என்று கேட்டான். முதல் வரிக்கு மேலே ஏது வரி? அன்றைக்கு அவன் நோட்டை மூடி வைத்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது, இதை எழுத உட்கார்ந்ததற்கும் அவன்தான் காரணம்.

ஆகவே வரிசைக்கு ஒரே கேள்விதான்: இந்த இரண்டும் இன்றைக்கே கையில் கிடைத்தால் எதை எடுப்பேன்? அதை மேலே வையுங்கள். நோட்டில் பக்கத்துப் பக்கத்து வரிகளை இப்படி இரண்டிரண்டாகக் கேட்டுக்கொண்டே கடைசி வரை வாருங்கள். பென்சிலால் எழுதுங்கள், நிறைய அழிக்க வேண்டியிருக்கும். ரேங்கைப் பார்ப்பது பட்டியல் போதுமான அளவுக்குக் கீழே இறங்குகிறதா என்பதற்காக மட்டும். எட்டுமா என்று தெரியாதவை கொஞ்சம், எட்டக்கூடியவை நிறைய, நிச்சயம் எட்டுபவை கடைசியில் பத்துப் பதினைந்தாவது இருக்கட்டும். இத்தனைதான் போடலாம் என்ற வரம்பு இல்லை. பத்து வரி மட்டும் போட்டு ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போனால், நல்ல இடங்கள் முடிந்திருக்கும். ஆனால் கிடைத்தால் சேர மாட்டேன் என்கிற கல்லூரியை எண்ணிக்கைக்காகச் சேர்க்காதீர்கள்.

தட்டச்சு செய்யும்போது ஒருவர் நோட்டைப் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், மற்றவர் டைப் செய்து திரையில் வரும் பெயரைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பெயரை மட்டும் நம்பக் கூடாது. சிஐடி என்றால் கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியும் உண்டு, சென்னை இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியும் உண்டு. பிஎஸ்ஜி பெயரிலும் இரண்டு பொறியியல் கல்லூரிகள், பீளமேட்டு பிஎஸ்ஜி டெக்கின் எண் 2006, இன்னொன்றுக்கு வேறு எண். ஒரே கல்லூரிக்குள்ளும் உதவி பெறும் பிரிவுக்கும் சுயநிதிப் பிரிவுக்கும் தனித்தனி எண், கட்டணத்தில் பெரிய வித்தியாசம். சிவில், மெக்கானிக்கலில் தமிழ் வழிக்கும் தனி எண் உண்டு. வேண்டும் என்று எடுத்தால் நல்லது, தெரியாமல் எடுத்தால் சிக்கல்.

கடைசி நாள் மாலை வரை காத்திருக்காமல் ஒரு நாள் முன்பே முடித்து, ஒரு இரவு விட்டு, காலையில் இன்னொருமுறை படித்துவிட்டுப் பூட்டுங்கள். பூட்டிய பட்டியலை அச்செடுத்து வையுங்கள்.

9. தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு

பட்டியல் வந்ததும் கொண்டாடிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். அது தற்காலிகம்தான். குறிப்பிட்ட நேரத்துக்குள் உள்ளே போய் உங்கள் முடிவைப் பதிவு செய்யாவிட்டால் அந்த இடம் போய்விடும்.

கிடைத்தது போதும் என்றால் ஏற்றுக்கொண்டு சேர்கிறேன் என்பதைக் கொடுத்து, சொன்ன நாட்களுக்குள் கல்லூரிக்குப் போய்க் கட்டணம் கட்டிச் சேர்ந்துவிட வேண்டும். கிடைத்ததை வைத்துக்கொள்கிறேன், மேலே உள்ள வரியில் காலியானால் அதையும் கொடுங்கள் என்றால் ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிக் காத்திருக்கிறேன் என்பது, இவர்கள் டிஎஃப்சியில் கட்டணம் கட்ட வேண்டும். கிடைத்தது வேண்டாம், மேலே கிடைத்தால் மட்டும் போதும் என்பதும் ஒரு தேர்வு, நான் அதை ஊக்குவிப்பதில்லை. மேலே எதுவும் காலியாகவில்லை என்றால் கையில் ஒன்றும் இருக்காது.

மேல்நோக்கிக் காத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. மேலே ஒரு வரி கிடைத்துவிட்டால் கீழே இருந்த இடம் தானாகவே போய்விடும், திரும்பி வர முடியாது. ஒரு மாணவி ஒன்பதாவது வரி கிடைத்து மேல்நோக்கி கொடுத்தாள், ஆறாவது வரி வந்தது, அது சித்தப்பா சொன்னார் என்பதற்காகச் சேர்த்த கல்லூரி, அவளுக்கு ஒன்பதாவதுதான் பிடித்திருந்தது. எட்டாம் படியில் இரண்டிரண்டாகக் கேட்கச் சொன்னது இதற்காகவும்தான்.

10. காசும் அசல் சான்றிதழ்களும்

ரிசல்ட் வரும் முன்பே "சீட் பிடித்து வைக்கிறோம்" என்று போன் வரும். ஒரு குடும்பம் ஏப்ரலிலேயே இருபத்தைந்தாயிரம் கட்டி, பத்தாம் வகுப்பு அசல் பட்டியலையும் கொடுத்துவிட்டது. ஜூலையில் கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தது, அசலை வாங்க அந்த அம்மா நான்கு முறை அலைந்தார். கலந்தாய்வு முடியும்வரை அசல் சான்றிதழையும் டிசியையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். சேர்ந்த பிறகு, கடைசித் தேதிக்குள் விலகினால் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்ப வேண்டும் என்பது ஏஐசிடிஇ விதி, எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். பொதுவான வங்கி விதிப்படி 4 லட்சம் வரை கைப்பணம் கேட்கக் கூடாது, 7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. மேலாளர் வாய்ப்பேச்சில் முடியாது என்றால் மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

சேரப் போகும் நாளில் எல்லா அசலையும் முதல்நாளே ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொண்டு, ஐந்து நகல், பத்துப் புகைப்படம், ஒதுக்கீட்டு ஆணை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். சேர்ந்த அன்றே அலுவலகத்தில் போனஃபைடு சான்றிதழுக்கு (இந்தக் கல்லூரியில் படிக்கிறார் என்ற சான்று) எழுதிக் கொடுங்கள், வங்கிக்கும் உதவித்தொகைக்கும் அதுதான் முதலில் கேட்பார்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்கள் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்குக் கல்லூரியின் பொறுப்பு ஆசிரியர் யார் என்று முதல் வாரத்திலேயே கேட்டு, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.